பழனியாத்தாள் பேரில் ஒரு கணக்கு

மாதத்தின் முதல் ஐந்து நாள் அந்தத் தபால் ஆபீஸில் நிற்க இடம் கிடைக்காது. மற்ற நாளில் போனால் ஒரு மின்விசிறியும் போஸ்ட்மாஸ்டர் மதிவதனி மேடமும்தான் இருப்பார்கள். சேமநிதிக் கணக்கில் ஐந்தாம் தேதிக்குள் பணம் கட்டினால்தான் அந்த மாதத்துக்கு வட்டி. ஆறாம் தேதி கட்டினால் மாசம் முச்சூடும் பணம் தண்டமாகக் கிடக்கும். அரசாங்கம் போட்ட ஆயிரம் விதியில் இது ஒன்றை மட்டும் வெள்ளகோவில் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலுமணி ஐந்தாம் தேதி வரைக்கும் எப்போதும் தள்ளுவதில்லை. மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு. மின்வாரியத்தில் போர்மேன். வயது ஐம்பத்தொன்பது. ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தது. முப்பது வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் வளைந்து, நடந்தால் வரப்பின் இரண்டு பக்கமும் கால் வைத்து நடப்பதுபோல இருக்கும். வேலைக்குப் போகிற வழியில் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, பாஸ்புக்கும் சீட்டும் பணமும் ஜன்னலில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொள்வார். மதிவதனி ஒவ்வொன்றாகப் பதிந்து, பாஸ்புக்கில் இருக்கிற பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

"பழனியாத்தாள் அம்மா!"

"இங்கீங்க" என்று வேலுமணி போவார். கூட்டத்தில் புதிதாக இருக்கிற யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், மீசை வைத்த பழனியாத்தாளை. அவருக்கு அதில் ஒரு கூச்சமும் கிடையாது. பாஸ்புக்கை வாங்கிப் பார்த்து, சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார்.

ஆடி மாதத்தில் அன்றைக்கும் அப்படித்தான் போனார். ஆனால் மதிவதனி பாஸ்புக்கைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பேச்சு எப்போதும் சிரிப்போடுதான்.

"ஐயா, இந்தக் கணக்குல ஆதார் சேர்க்கவே இல்லீங்களே. மேல இருந்து லிஸ்ட் வந்திருக்குது. அம்மா ஒருக்கா நேர்ல வந்து ரேகை வெக்கோணுங்க. சித்த நேர வேலைதான்."

"நா வெச்சா ஆகாதுங்களா?"

"அதெப்படீங்க? கணக்கு அவங்க பேருல இருக்குதே. அடுத்த மாசம் பணம் கட்ட வாரப்ப அம்மாவையும் வண்டியில கூட்டிட்டு வந்துருங்க. இல்லீன்னா கணக்கு நின்னுபோயிருமுங்க."

வேலுமணி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பின்னால் இருந்தவர் செருமினார்.

"தாராபுரத்துல அவங்கக்கா ஊட்டுக்குப் போயிருக்குதுங்க" என்றார் வேலுமணி. "வரச்சொல்றேனுங்க."

அவர் மனைவி பழனியாத்தாள் செத்து நாலு வருஷமும் ரெண்டு மாதமும் ஆகியிருந்தது.

அந்தக் கணக்கைத் தொடங்கும்போது அவள் களத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்தில் தேங்காய்க் களம் இல்லாத ஊர் கிடையாது. காலையில் தேங்காயை இரண்டாக உடைத்து வெயிலில் மல்லாத்திக் காயவைத்து, ஓட்டிலிருந்து பருப்பைத் தோண்டி எடுத்து மறுபடி காயவைக்க வேண்டும். மேகம் கறுத்தால் அத்தனை பேரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அவள் அந்த வேலை செய்தாள். கைரேகையே தேய்ந்துபோயிருந்தது. களத்துக்காரர் வீட்டில் பெரியவர்களுக்கு அவள் பழனி. அந்த வீட்டில் நேற்றுப் பேசப் பழகிய குழந்தைக்கும் பழனிதான். "பழனி, இங்க வா." "ஏய் பழனி, சாக்கை எடு." டீ அவளுக்கு வேறு டம்ளரில் வரும். பிறகு பேப்பர் கப் வந்து எல்லோருக்கும் அதிலேயே கொடுத்தார்கள். நாகரிகம் வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வேலுமணிக்கு வேலை நிரந்தரமாகிச் சம்பளம் கொஞ்சம் கைக்கு நின்றபோது ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்து சொன்னார்.

"புள்ளே, எனக்கு ரிட்டயர் ஆனாப் பென்சன் வரும். உனக்கு?"

"எனக்கெதுக்குங்க பென்சன்? நா என்ன கவர்மெண்ட்டுலயா தேங்கா ஒடைக்கறேன்?"

"அதுக்குத்தாஞ் சொல்றேன். உன்ற பேருல போஸ்டாபீசுல மாசாமாசம் போட்டு வெக்கறேன். பதினஞ்சு வருசம். அப்பறம் அது உனக்குப் பென்சன்."

"பதினஞ்சு வருசமா! அதுக்குள்ள நா கெழவியாயிருவனுங்க."

"கெழவிக்குத்தான் பென்சன் தருவாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் தட்டில் இருந்த, அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு சிந்திற்று. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, இருந்ததில் நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு தபால் ஆபீஸுக்கு வந்தாள். அப்போதிருந்த போஸ்ட்மாஸ்டர் வயதான மனிதர். எல்லாம் எழுதி முடித்துவிட்டு ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"பழனியாத்தாள் அம்மா யாருங்க?"

பழனியாத்தாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். வேலுமணி முழங்கையால் இடித்த பிறகுதான் போனாள். திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து பாஸ்புக்கை விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பேருந்து நிலையம் தாண்டியதும் கேட்டாள்.

"ஏனுங்க, என்னயத்தான் அம்மான்னாருங்களா அவரு?"

"உன்னயத்தான்."

"பேரை முச்சூடுஞ் சொல்லிக் கூப்பிட்டாருங்க."

அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, ஒரு வேலையும் இல்லாமலே, அவளும் கூட வருவாள். கூலி போகுமே என்றால், போனாப் போவுது என்பாள். பேர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து, தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் போய்ப் பாஸ்புக்கை வாங்குவாள். அதற்காகவே வந்தாள் என்பது வேலுமணிக்குத் தெரியும். தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

கொரோனா இரண்டாம் தடவை வந்த வைகாசியில், காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் மூச்சு வாங்கிற்று. ஆம்புலன்ஸ் வேலிகளுக்கு நடுவில் போகிற குறுகலான இட்டேரிக்குள் வராது என்று ரோட்டு நிறுத்தத்திலேயே நின்றது. அவளே நடந்துபோய் ஏறினாள். கூட ஆள் வரக்கூடாது என்றார்கள். "பொழுதோட போன் பண்றனுங்க. சோத்த ஆக்கி உண்ணுங்க" என்றாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போன் வரவில்லை. எட்டாம் நாள் வேறு யாரோ போன் பண்ணினார்கள். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றி, தள்ளி நிற்கவைத்து, அங்கேயே எரித்து, ஒரு சின்னப் பானையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். துக்கத்துக்குச் சொந்தபந்தம், ஒறம்பரை யாரும் வரவில்லை. வரவும் முடியாது அப்போது.

அடுத்த மாதம் மூன்றாம் தேதி, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வேலுமணி தபால் ஆபீஸில் நின்றார். கால் பழக்கத்தில் கொண்டுபோய் விட்டது. சொல்லிவிட்டுக் கணக்கை முடிக்க வேண்டும் என்றுதான் வாயெடுத்தார். அதற்குள் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. பழனியாத்தாள் அம்மா!

ஒரு மாதமாக அந்தப் பேரை யாரும் சொல்லவில்லை. பெண் பொற்கொடி போனில் அழுவாள், "அம்மா அம்மா" என்றுதான் அழுவாள். ஊரில் பார்த்தவர்கள் "உங்க ஊட்டுல போயிட்டாங்களாமா" என்றார்கள். அவள் பேரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட இந்த உலகத்தில் அந்த ஒரு ஜன்னல்தான் மிச்சம் இருந்தது. "இங்கீங்க" என்று சொல்லிவிட்டார். அப்புறம் மாதாமாதம் சொன்னார்.

ஒன்று மட்டும் அவர் யோசிக்கவில்லை. தை மாதம் வந்தால் ஆபீஸில் வரிக்கழிவுக்குச் சேமிப்புச் சான்று கேட்பார்கள். மனைவி கணக்கில் கட்டினாலும் கழிவு உண்டு என்று முதலில் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வருஷாவருஷம் அந்தப் பாஸ்புக்கை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் போன பிறகும் கொடுத்தார். சம்பளப் பிரிவில் இருப்பவர்கள் தொகையைத்தான் பார்ப்பார்கள், ஆளையா பார்க்கப்போகிறார்கள்?

தபால் ஆபீஸிலிருந்து அன்று நேராக வேலைக்குப் போனார். ஆடிக்காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு தோப்பில் தென்னை மட்டை பிய்ந்து பதினோராயிரம் வோல்ட் கம்பியில் விழுந்து கிடந்தது. வயர்மேன் பாலுசாமி ஏணியோடு காத்திருந்தார். பக்கத்து ஊரில் ஆறு ஏக்கர் தோட்டமும் நாற்பது ஆடும் உள்ள ஆள். சம்பளம் ஆட்டுத் தீவனத்துக்குத்தான் சரியாக இருக்கிறது என்று தினமும் ஒரு தடவை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

வேலுமணி சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு எல்.சி. எடுத்தார். எல்.சி. என்றால் லைனில் கரண்ட் இல்லை, ஆள் ஏறலாம் என்று கொடுக்கிற உத்தரவு. எடுத்தவர் பேரும் நேரமும் நோட்டில் ஏறும். அந்த ஆள் வேலையை முடித்துத் தன் வாயால் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் கலெக்டரே கேட்டாலும் கரண்ட் விடமாட்டார்கள். ஏனென்றால் கம்பத்து மேலே ஓர் உயிர் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

பாலுசாமி ஏறி மட்டையைத் தள்ளிவிட்டு இறங்கினார். எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் தொட்டிமேட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாலுசாமி தூக்கில் கொள்ளுப்பருப்பும் வெண்டைக்காய்ப் பொரியலும். வேலுமணியின் டப்பாவில் அரிசியும் பருப்பும்.

"என்னுங்க போர்மேன், இன்னைக்குமா அரிசியும் பருப்பும்? நேத்தும் இதுதான். ஆடியில ஆரமிச்சாப் பங்குனி வரைக்கும் இதேதானுங்களா?"

"ஒரே கொதியில ஆயிருதுங்க பாலுசாமி. ஒத்தையாளுக்கு வேறென்ன ஆக்கறது?"

"ஒத்தையாளுக்கு இத்தனையா? டப்பா மூட மாட்டீங்குது."

வேலுமணி டப்பாவைப் பார்த்தார். உழக்கு அளவு இன்னும் மாறவில்லை. இரண்டு பேருக்குப் போட்டு ஆக்கி, ராத்திரிக்கும் அதையே தின்று, மிச்சத்தை நாய்க்கு வைப்பதுதான் வழக்கமாக இருந்தது.

கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "ஏனுங்க, ஒரு ஆளு பேருல ஒண்ணு இருக்குது. அந்த ஆளுதான் வந்து முடிக்கோணும். ஆனா வர முடியாது. அப்ப என்னுங்க பண்றது?"

பாலுசாமிக்கு எல்லாம் எல்.சி.தான். "இதென்ன எங்கிட்டக் கேக்கறீங்க? நீங்கதான பண்ணுனீங்க அன்னைக்கு. நம்ம கதிரு எல்.சி. எடுத்துப்போட்டு நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரி போயிட்டானே. நாலு ஊரு இருட்டுல கெடந்துது. தோட்டத்துக்காரனெல்லாம் ஆளுக்கொரு பக்கம் போன்ல வையறான். எஞ்சினியரு உங்களத்தான கேட்டாரு?"

"ஆமாங்க."

"நீங்க லைனு முச்சூடும் நடந்தீங்க. மூணு கிலோமீட்டரு. கம்பத்துக்குக் கம்பம் அண்ணாந்து பாத்துட்டு வந்துதான் எழுதிக் குடுத்தீங்க. கதிரு எறங்கிப் போனத நாங்க பாத்தமுங்க, சும்மா எழுதுங்கன்னு எத்தன பேரு சொன்னம்? கேட்டீங்களா?"

"பாக்காம எப்படீங்க எழுதறது?"

"அதுதான். வர முடியாத ஆளுக்கு மேல இருக்கறவன் நேர்ல பாத்து எழுதிக் குடுக்கோணும். வேறென்ன?" பாலுசாமி தூக்கை மூடினார். "யாருங்க, டிவிசன்ல யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களா?"

"தெரிஞ்ச ஆளுங்க" என்றார் வேலுமணி.

தெரிஞ்ச ஆள் என்ற அந்தப் பொய்யையே எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வரிக் கணக்கு எழுதுகிற லோகப்பிரியாவின் ஆபீஸுக்குப் போனார். வெள்ளகோவில் கடைவீதியில் மாடியில் ஒரு சின்ன அறை. மின்வாரியத்துக்காரர்கள் பாதிப்பேர் அங்கேதான் கணக்குக் கொடுப்பார்கள். லோகப்பிரியாவுக்கு முப்பது வயது இருக்கும். ஃபைல் அடுக்குக்குப் பின்னால் தலை மட்டும் தெரிந்தது.

"உக்காருங்கய்யா. ரிட்டயர்மெண்ட் பேப்பருங்களா?"

"இல்லீங் அம்மணி. எங்க ஆபீஸ்ல ஒரு ஆளு. சம்சாரம் பேருல போஸ்டாபீசுல கட்டிட்டிருந்தான். அது தவறிப்போச்சு. அப்பறமும் கட்டிப்போட்டான். அத எப்படிச் சரி பண்றது?"

"எத்தன வருசங்க?"

"நாலுக்கு மேல."

லோகப்பிரியா பேனாவைக் கீழே வைத்தார். "நாலு வருசமா? யாரும் கண்டுக்கலீங்களா?"

"யாருங்க கண்டுக்கறதுக்கு இருக்கறாங்க?"

"சரி, சொல்றேன். அந்தம்மா உசுரோட இருந்தப்பக் கட்டுனது பூராவும் நல்ல பணமுங்க. அதுக்கு வட்டி உண்டு, வரி கெடையாது, அவருக்கே வந்துரும். தவறுன பொறவு கட்டுனது தப்பாக் கட்டுன பணம். அத வட்டியில்லாம முதலை மட்டும் திருப்பிக் குடுத்துருவாங்க. திரும்பி வாரது அவரு பணந்தான், வருமானமில்ல, அதுக்குன்னு வரி வராது. ஆனா அதக் காட்டி வருசாவருசம் வரியக் கொறச்சிருப்பாரில்லீங்களா?"

"ஆமாங்க."

"அந்தக் கழிவு செல்லாதுங்க. அந்தந்த வருசத்துக்குக் கணக்கத் திருத்தி மறுபடி குடுத்து, கொறச்ச வரியக் கட்டோணும். மேல வட்டி, அதுக்கும் மேல கூடுதல் வரி. பழைய வருசமாகப் போகப் போக எச்சா இருக்கும். இப்பவே அவரா வந்து சொல்லிட்டாப் பரவால்லீங்க. அவங்களாக் கண்டுபுடிச்சாத்தான் சிக்கல். ரிட்டயர் ஆகற நேரத்துல பணமெல்லாம் நின்னுபோனா?"

வேலுமணி தலையை ஆட்டினார். வரியும் அபராதமும் அவருக்கு உறைக்கவில்லை. வேறொன்று உறுத்திற்று.

"தவறுன பொறவு கட்டுனதுக்கு வட்டி ஏனுங் அம்மணி இல்ல? பணம் அங்கதான இருந்துது? அஞ்சாந்தேதிக்குள்ளதான கட்டியிருக்குது?"

"அந்தக் கணக்கு அவங்க பென்சனுக்குன்னு சேர்த்தறதுங்கய்யா. ஆளே இல்லாதப்ப யாருக்குன்னு சேர்க்கறது? செத்துப்போனவங்க சேமிக்க முடியாதுங்களே."

சாதாரணமாகத்தான் சொன்னார். வேலுமணி எழுந்து ஜன்னல் பக்கம் போய், கடைவீதியைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டார். கீழே முருங்கைக்காய்க் கட்டு ஏற்றிய டெம்போ ஒன்று பின்னால் வரமுடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் தோள் குலுங்குவதை லோகப்பிரியா பார்த்தார். தெரிஞ்ச ஆள் யார் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ஐயா" என்று எழுந்து வந்தார். "நாம பொறுமையாப் பாக்கலாமுங்க. எனக்கு ஃபீஸ் ஒண்ணும் வேண்டாம். டெத் சர்ட்டிபிகேட் வெச்சிருக்கறீங்களா?"

"இருக்குதுங்க" என்றார் வேலுமணி. "பொட்டியில இருக்குது. எடுத்துப் பாத்ததில்ல."

அன்று பொழுதோடு பொற்கொடியே போன் பண்ணினாள். கல்யாணமாகித் துடியலூரில் இருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சனிக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். அவர் "நல்லாருக்கேன் கண்ணு, நீ நல்லாருக்கியா?" என்பார். அத்தோடு இரண்டு பேருக்கும் பேச்சுத் தீர்ந்துவிடும். அன்றைக்கு அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"கண்ணு? லைன்ல இருக்கறயா?"

"நாலு வருசமாவாப்பா?" என்றாள் பொற்கொடி. "நாலு வருசமா அம்மா பேரு சொல்லிக் கூப்பிடறதக் கேக்கறதுக்குப் போனீங்களா?"

"ஆமாங் கண்ணு."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நா சொல்ல மாட்டனாப்பா? அம்மாவப் பத்திப் பேசுனா நீங்க அழுவீங்கன்னு நானும் பேசாமயே இருந்தேன். இங்க நா ஒத்தையா அழுவுறேன், அங்க நீங்க ஒத்தையா போஸ்டாபீஸ் போறீங்க. என்னப்பா இது?"

"சோறுண்டியா?" என்று கேட்டார்.

"உண்டேன். நா லீவு போட்டுட்டு வாரேன். ஒட்டுக்காப் போய் எழுதிக் குடுத்துரலாம்."

"வேண்டாங் கண்ணு. இது எம்பட வேலை. எல்.சி. எடுத்தது நாந்தான்."

"பணம் போனாப் போவுதுப்பா."

"பணமில்ல கண்ணு. அந்தப் புள்ள எறங்கி வந்துதான்னு நா இன்னும் பாக்கவேயில்ல."

பொற்கொடிக்கு அது விளங்கவில்லை. வரட்டுமா வேண்டாமா என்று இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலுமணி வண்டியை எடுக்கவில்லை. கதவைப் பூட்டி, நடந்தே கிளம்பினார். முதலில் இட்டேரி வழியாகக் களத்துக்கு. களம் காலியாகத்தான் இருந்தது, ஞாயிறு என்பதால். மல்லாத்திப் போட்ட தேங்காய் மூடிகள் வரிசையாக வெயிலில் கிடந்தன. அவள் உட்கார்ந்து சோறுண்கிற வேலமரத்தடியில் ஒரு நாய் படுத்திருந்தது. களத்துக்காரர் மனைவி வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு, மணியா? கரண்ட் போச்சா?" என்றாள். "இல்லீங்க, சும்மா பாக்க வந்தேன்" என்றார். தார்ப்பாய் அடுக்குக்குப் பின்னால்கூடப் போய்ப் பார்த்தார். அவள் இல்லை.

அப்புறம் தண்ணீர்க் குழாயடி. ரேஷன் கடைத் திண்டு. கருப்பராயன் கோயில் வேப்பமரம். அவள் எங்கெல்லாம் நிற்பாளோ, யாரோடெல்லாம் பேசுவாளோ அங்கெல்லாம் நின்று பார்த்தார். வழியில் கம்பம் வந்தால் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தார். மயில் ஒன்று கம்பியில் உட்கார்ந்திருந்தது. காற்றில் வேட்டி முகத்தில் அடித்தது. பார்த்தவர்கள் போர்மேன் லைன் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு மோட்டார் சங்கதி கேட்டார்கள். நின்று பதில் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் ரோட்டு நிறுத்தம். அவள் ஆம்புலன்ஸில் ஏறிய இடம். நாலு வருஷமாக அந்த நிறுத்தத்தில் அவர் வண்டியை நிறுத்தியதில்லை, திரும்பிப் பார்த்ததும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். தாராபுரம் பஸ் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தார். பஸ் போனது. இன்னொரு பஸ் வந்தது. அதிலும் பார்த்தார். உச்சிப்பொழுது வரைக்கும் உட்கார்ந்திருந்து வந்த பஸ்ஸையெல்லாம் பார்த்தார். அவள் வரவில்லை. வரமாட்டாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. யாரும் இல்லாத அந்த நிறுத்தத்தில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். ஆஸ்பத்திரியில் அழாத அழுகை அது. வீட்டுக்கு வந்து உழக்கில் பாதி அளந்து போட்டு ஆக்கினார்.

அடுத்த மாதம் மூன்றாம் தேதி தபால் ஆபீஸில் வழக்கம்போலக் கூட்டம். பாஸ்புக்கோடு ஒரு மடித்த காகிதத்தையும், பெட்டியிலிருந்து எடுத்த சான்றிதழையும் வைத்து ஜன்னலில் நீட்டினார். பணம் வைக்கவில்லை. சுவரோரம் போய் நின்றார்.

மதிவதனி மேலே இருந்த பாஸ்புக்கை மட்டும் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "பழனியாத்தாள் அம்மா! வந்திருக்காங்களா?"

வேலுமணிக்கு 'இங்கீங்க' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பேர் கூட்டத்துக்கு மேலே போய் அடங்குகிறவரை கேட்டார். பிறகு ஜன்னலுக்குப் போனார்.

"இல்லீங்க" என்றார். "பழனியாத்தா இல்லீங்க. போன தடவ உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன். மன்னிச்சுக்குங்க."

மதிவதனி காகிதத்தைப் பிரித்தார். லோகப்பிரியா சொன்னபடி தேதி, தொகை, தவறுதலாகக் கட்டியதைத் திருப்பித் தரும்படி வேண்டுகோள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசியில் மட்டும் அவர் கையெழுத்தில், அவருக்கு எழுதிப் பழகிய வாசகம் ஒன்று: 'நேரில் நடந்து பார்த்தேன். ஆள் யாரும் இல்லை என உறுதி செய்கிறேன்.' அதற்குக் கீழே கையெழுத்தும் நேரமும்.

மதிவதனி அதை இரண்டு தடவை படித்தார். சான்றிதழில் இருந்த வருஷத்தைப் பார்த்தார். பாஸ்புக்கைப் புரட்டி, நாலு வருஷத்து வரிசையைப் பார்த்தார். எல்லாம் மூன்றாம் தேதி, நான்காம் தேதி.

"சித்த நேரம் நில்லுங்கய்யா" என்றார், குரல் மாறி. "மனு வாங்கினதுக்கு ரசீது போட்டுத் தாரேன். பணம் உங்க பேருக்கு வர நாளாகும்."

வேலுமணி சுவரோரம் போய் நின்றார். பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆமினா பீவி போனார். தனபால் போனார். தலைமேல் மின்விசிறி கடகடத்தது. இனிமேல் மூன்றாம் தேதிக்கு இந்தப் பக்கம் வர வேலையில்லை. வேலைக்கு நேர் ரோட்டிலேயே போய்விடலாம்.

"வேலுமணி ஐயா யாருங்க?"

யாரும் போகவில்லை.

"வேலுமணி ஐயா!"

பதினான்கு வருஷத்தில் அந்த ஜன்னலில் ஒரு தடவைகூட அவர் பேரைக் கூப்பிட்டதில்லை. வேலுமணி பின்னால் திரும்பிப் பார்த்தார், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று. பின்னால் சுவர்தான் இருந்தது. முழங்கையால் இடிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

"நாந்தானுங்க" என்று சொல்லிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.